கோடு தாண்டும் சம்பளம்

பத்துமலையில் புறப்படும் கேடிஎம் கொம்யூட்டர் ரயில், அடுத்த நிலையமான தாமான் வாஹ்யூவைத் தொடுவதற்குள் சிலாங்கூரை விட்டு வெளியேறிவிடுகிறது. வழியில் சோதனைச் சாவடி கிடையாது. எல்லைக்கல் கண்ணில் படுவதில்லை. கம்போங் பத்து, பத்து கெந்தோன்மென், செந்தூல், புத்ரா, பேங்க் நெகாரா என்று வண்டி நகர நகர, கோம்பாக்கிலும் செலாயாங்கிலும் தூங்கி எழுந்தவர்கள் கோலாலம்பூரின் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்கிறார்கள். எதிர்த்திசையிலும் ஆள் போகிறது. செந்தூல் அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு ஷா ஆலாம் தொழிற்சாலைக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் ஏராளம். வீடு ஒரு மாநிலத்தில், வேலை கூட்டரசுப் பிரதேசத்தில். அல்லது இதற்கு நேர்மாறாக. கிள்ளான் பள்ளத்தாக்கில் இது இன்று அன்றாட வாழ்க்கை. கேள்வி ஒன்றுதான். இப்படிக் கோடு தாண்டி உழைப்பவரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் வருமான வரியிலிருந்து, அவர் குடியிருக்கும் ஊருக்கும் அவர் உழைக்கும் ஊருக்கும் ஏன் ஒரு காசுகூட நேராக வந்து சேர்வதில்லை?

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு. சொக்சோவுக்கு ஒரு சிறு தொகை. வேலைக் காப்புறுதிக்கு இன்னும் சிறியதொரு தொகை. அதற்குக் கீழே பிசிபி, அதாவது மாதாந்திர வரிப் பிடித்தம். சேமநிதி அவர் பெயரில் கணக்காக நிற்கிறது. சொக்சோ விபத்துக்குக் கைகொடுக்கிறது. பிசிபி உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குப் போய், அங்கிருந்து கூட்டரசின் கருவூலத்தில் கலந்துவிடுகிறது. அவர் வீட்டு வாசல் சாக்கடையைத் தூர்வாரும் செலாயாங் நகராட்சி மன்றத்துக்கு அந்தச் சீட்டில் ஒரு வரியும் இல்லை. அவர் பகலெல்லாம் நடக்கும் நடைபாதையைப் பராமரிக்கும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும் இல்லை. 2023இல் வாரியம் திரட்டிய நேரடி வரி 183 பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல். இந்தப் பள்ளத்தாக்கின் உழைப்பு அதில் சிறு பங்கல்ல. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சிலாங்கூரில் பிறக்கிறது. கோலாலம்பூரையும் சேர்த்தால் அது ஐந்தில் இரண்டு பங்கைச் சற்றுத் தாண்டும்.

இந்த ஏற்பாடு வரி விதித்த காலத்திலேயே அமைந்துவிட்டது. மலாயாவில் வருமான வரியை 1947ஆம் ஆண்டின் சட்டம் கொண்டுவந்தது. 1948 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்தோடு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு வரி விதிக்கும் அதிகாரத்தைப் பெரும்பாலும் கூட்டரசிடமே வைத்துக்கொண்டது. நிலம், காடு, சுரங்கம் போன்றவற்றின் வருமானம் மாநிலங்களுக்கு விடப்பட்டது. அன்றைய நிலைமைக்கு அதில் நியாயம் இருந்தது. செந்தூலையே எடுத்துக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே பட்டறை இங்கே எழுந்தபோது, பட்டறைக்காரர்கள் பட்டறையின் சங்கு கேட்கும் தூரத்திலேயே குடியிருந்தார்கள். கோயில், பள்ளி, சந்தை எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடங்கின. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே நிர்வாகக் கோடு எதுவும் ஓடவில்லை. கோலாலம்பூரே சிலாங்கூரின் தலைநகரமாக இருந்த காலம் அது.

1974 பிப்ரவரி 1ஆம் தேதி சிலாங்கூர் சுல்தான் கோலாலம்பூரைக் கூட்டரசிடம் ஒப்படைத்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் பெட்டாலிங் ஜெயாவுக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அந்தப் பிரிவின் நினைவுச் சின்னம். அன்று வரைபடத்தில் கோடு விழுந்ததே தவிர, ஊர் பிளவுபடவில்லை. சிலாங்கூரிலிருந்து வரும் பத்து ஆறும் கோம்பாக் ஆறும் இன்றும் அதே தடத்தில் கோலாலம்பூருக்குள் இறங்குகின்றன. குழாய்த் தண்ணீரைக் கோட்டின் இருபுறமும் ஆயர் சிலாங்கூர் ஒன்றுதான் தருகிறது. தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து கிளம்பும் வெள்ளி ரதம் ஜாலான் ஈப்போ வழியாகப் பத்துமலைக்குப் போகும்போது, கூட்டரசுப் பிரதேசத்திலிருந்து சிலாங்கூருக்குள் நுழைகிறது. பின்னால் நடக்கும் பக்தர் யாருக்கும் அது ஒரு பொருட்டில்லை. குப்பைக்கு மட்டும் அது பொருட்டு. கோலாலம்பூர் பக்கம் கூட்டரசின் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் அலாம் ஃப்ளோரா நிறுவனம் அள்ளுகிறது. அந்தச் சட்டத்தில் சேராத சிலாங்கூரில் கேடிஇபி நிறுவனம் அள்ளுகிறது. ரதம் பத்துமலை சேர்ந்த பிறகு கூடும் லட்சக்கணக்கான மக்களுக்குத் தெருவும் வடிகாலும் பார்த்துக்கொள்வது செலாயாங் நகராட்சி மன்றத்தின் பாடு. வந்தவர்களில் பெரும்பகுதியினர் அந்த மன்றத்துக்கு எந்த வரியும் கட்டாதவர்கள்.

மன்றங்களுக்கு வரி இல்லையா என்றால், இருக்கிறது: மதிப்பீட்டு வரி. நம் வீடுகளில் சுக்காய் பிந்து என்றே சொல்கிறோம். அந்தப் பெயரிலேயே அதன் எல்லை தெரிகிறது. அது வாசலைப் பார்த்து விதிக்கப்படும் வரி. பிப்ரவரி முடிவதற்குள் ஒரு பாதி, ஆகஸ்ட் முடிவதற்குள் மறு பாதி என்று ஆண்டுக்கு இருமுறை பில் வரும். கட்டடத்தின் மதிப்பு எவ்வளவோ அதற்கேற்பக் கட்ட வேண்டும். அந்த வீட்டில் நான்கு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும், அவர்கள் எங்கே வேலை பார்த்தாலும், எவ்வளவு சம்பாதித்தாலும் தொகை மாறாது. பொருளாதாரம் வளர்ந்தால் வருமான வரி தானாக வளரும். சுக்காய் பிந்து அப்படி வளராது. யாராவது துணிந்து மதிப்பீட்டைத் திருத்தினால்தான் உயரும். 1992இல் நிர்ணயித்த மதிப்பைக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2013 இறுதியில்தான் திருத்த முனைந்தது. நோட்டீஸ் கைக்கு வந்ததும் நகரமெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. வீடுகளுக்கான விகிதத்தை 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைத்த பிறகே விஷயம் அடங்கியது. சிலாங்கூரின் 12 ஊராட்சி மன்றங்களும் பல பத்தாண்டுகள் தொடாமல் வைத்திருந்த வரியை 2025இல் உயர்த்தின. உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டாது என்று மாநில அரசு உறுதி சொன்ன பிறகும் மனக்குறை ஓயவில்லை.

மாநிலத்துக்குக் கூட்டரசு திருப்பித் தருவது எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். அரசியலமைப்பின் 10ஆவது அட்டவணையில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியம் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் திருத்தப்பட்ட அதன் விகிதம் இது: முதல் ஒரு லட்சம் பேருக்குத் தலைக்கு 72 ரிங்கிட், அடுத்த ஐந்து லட்சம் பேருக்கு 10 ரிங்கிட் 20 காசு, அதற்கடுத்த ஐந்து லட்சம் பேருக்கு 10 ரிங்கிட் 80 காசு, மீதமுள்ள எல்லாருக்கும் 11 ரிங்கிட் 40 காசு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிலாங்கூரில் ஏறத்தாழ 70 லட்சம் பேர். பெருக்கிக் கூட்டினால் 85 மில்லியன் ரிங்கிட் வரும். அதாவது ஓர் ஆளுக்கு, ஓர் ஆண்டுக்கு, சுமார் 12 வெள்ளி. மக்கள் தொகை கூடக் கூடத் தலைக்குக் கிடைப்பது குறையும்படிதான் அந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. வேலை தேடி நாடெங்கிலிருந்தும் வருகிறவர்களுக்கு இடம் கொடுக்கும் மாநிலத்துக்கு, அவர்களில் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கடைசிப் படியின் 11 ரிங்கிட் 40 காசுதான். சாலைப் பராமரிப்புக்குத் தனி மானியம் உண்டு, ஊராட்சி மன்றங்களுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆண்டு உதவியும் உண்டு. அவற்றை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் வாழ்கிறவர் கட்டும் வருமான வரிக்கும் அந்த மானியங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மற்ற நாடுகளில் இந்தச் சிக்கலை வேறு வேறு வழிகளில் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1939இல் சட்டம் இயற்றி, நகருக்குள் சம்பாதிக்கும் ஒவ்வொருவர் சம்பளத்திலும் நேரே கை வைத்தது. ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்து பாலம் தாண்டி வருகிறவரும் கட்ட வேண்டும். இன்றும் வெளியூர்க்காரர் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றரை டாலர் அளவில் நகரத்துக்குப் போகிறது. நியூயார்க் நகரமும் வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களிடம் சம்பளத்தில் 0.45 விழுக்காடு வசூலித்து வந்தது. புறநகர் வாக்குகளைக் கணக்கிட்ட மாநில சட்டமன்றம் 1999இல் அதை நீக்கிவிட்டது. அந்தப் பணத்தை இழந்த நகரத்துக்கு அதில் தீர்மானிக்கும் உரிமை இருக்கவில்லை. மேரிலாந்தில், வெளிமாநிலத்தில் சம்பாதித்த பணத்துக்கு அங்கும் வரி, ஊரிலுள்ள கவுண்டிக்கும் வரி என்று இருமுறை விழுந்ததை எதிர்த்து ஒரு தம்பதியர் வழக்காடினார்கள். 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. ஒரே வெள்ளிக்கு இரண்டு ஊர் வரி போடக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். கோவிட் காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியபின், வேலை செய்யும் இடம் எது என்பதே அங்கே நீதிமன்றத்துக்குப் போனது.

தமிழ்நாட்டில் இதே வகை வரி பல தலைமுறையாக இருக்கிறது. தொழில் வரி என்று பெயர். தாம்பரத்தில் குடியிருந்து சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வேலை பார்ப்பவர், அந்த வரியைச் சென்னைக்குக் கட்டுகிறார். நிறுவனமே அரையாண்டுக்கு ஒருமுறை சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிடும். மேல்படியில் இருப்பவருக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய். ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவரிடம் கர்நாடகம் மாதம் சுமார் 200 ரூபாய் பிடித்துக்கொள்கிறது; ஓசூருக்கு அதில் எதுவும் இல்லை. இங்கே நமக்கு இரண்டு பாடம் உண்டு. வேலை செய்யும் ஊருக்குச் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு போவது நடைமுறையில் முடியாத காரியமல்ல. கணினி இல்லாத காலத்திலேயே செய்திருக்கிறார்கள். இரண்டாவது பாடம் வருத்தமானது. இந்திய அரசியலமைப்பு இந்த வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது 1988இல். விலைவாசி எங்கோ போய்விட்டது. வரம்பு அங்கேயே நிற்கிறது. தொகையை அரசியலமைப்பில் எழுதி வைத்தால் அது காலத்தோடு தேய்ந்துபோகும். நம் 10ஆவது அட்டவணைக்கு நேர்ந்ததும் அதுவே. எழுத வேண்டியது தொகை அல்ல, பங்கு.

என் மனத்தில் அதிகம் பதிந்த உதாரணம் ஜெனிவா. பிரான்ஸில் குடியிருந்து எல்லை தாண்டி ஜெனிவாவுக்கு வேலைக்கு வருகிறவர்களின் வருமான வரியை ஜெனிவா தன் பக்கத்திலேயே பிடித்துக்கொள்கிறது. 1973இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அவர்களுடைய மொத்தச் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டுக்கு இணையான தொகையை அவர்கள் வசிக்கும் ஆன், ஓட் சவ்வா வட்டாரங்களுக்கு ஆண்டுதோறும் அனுப்புகிறது. அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு 300 மில்லியன் பிராங்கைத் தாண்டிவிட்டது. பகலில் உழைக்கும் ஊர் வரியை எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அவர்கள் பிள்ளைகள் வளரும் ஊருக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற ஒப்புதல் அந்த உடன்பாட்டில் இருக்கிறது. இரண்டு நாடுகள் 1973இல் செய்ததை, ஒரே நாட்டுக்குள் அடுத்த ஆண்டே கோடு போட்ட நாம் யோசிக்கவில்லை. ஜொகூரில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரியும். ஜொகூர் பாருவிலிருந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் உழைப்பவரின் வருமான வரி சிங்கப்பூருக்குப் போகிறது. அவர் வீட்டுத் தெருவின் விளக்கும் வடிகாலும் ஜொகூரின் பொறுப்பு. ஜெனிவா போன்ற ஏற்பாடு எதுவும் அங்கே இல்லை.

அப்படியானால் கோலாலம்பூர் மாநகர் மன்றமும் பிலடெல்பியா போல வெளியிலிருந்து வருகிறவர் சம்பளத்தில் புதிய வரி போட வேண்டுமா? வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நகருக்குள் வீட்டு விலையும் வாடகையும் கைக்கு எட்டாததால்தான் இளங்குடும்பங்கள் ரவாங்கிலும் பத்து ஆராங்கிலும் புஞ்சாக் ஆலாமிலும் வீடு தேடிப் போகின்றன. டூக் நெடுஞ்சாலையில் போகிறவர் ஒவ்வொரு சாவடியிலும் 2 வெள்ளி 50 காசு கட்டுகிறார். அது சாலை நிறுவனத்துக்குப் போகிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவர் மழையிலும் புகையிலும் நேரத்தைக் கட்டுகிறார். கோலாலம்பூர் பெருநகர மக்கள் ஆண்டுக்கு 250 மில்லியன் மணி நேரத்துக்கும் மேல் சாலை நெரிசலில் இழக்கிறார்கள் என்று உலக வங்கி 2015இல் கணக்கிட்டது. தூரத்துக்குத் தள்ளப்பட்டவர்களின் தலையில் இன்னொரு வரியை ஏற்றுவது நியாயமே இல்லை. அதற்கு அரசியலமைப்பையும் திருத்த வேண்டும். ஏற்கெனவே கட்டிய வருமான வரியில் ஒரு சிறு பங்கு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் யோசனை. தனிநபர் வருமான வரியில் நூற்றுக்கு ஐந்து ரிங்கிட்டில் தொடங்கலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு குடியிருக்கும் ஊரின் மன்றத்துக்கு. ஒரு பங்கு வேலை செய்யும் ஊரின் மன்றத்துக்கு. கட்டுகிறவர் கையிலிருந்து ஒரு காசும் கூடுதலாகப் போகாது.

ஏழை மாநிலங்களின் வயிற்றில் அடிக்கலாமா என்று கேட்பார்கள். கிளந்தானுக்கும் பெர்லிஸுக்கும் கூட்டரசு செலவிடும் பணம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் திரள்வதுதான் என்பது உண்மை. ஒரு நாடு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால்தான் எல்லா வரியிலும் பங்கு கேட்கவில்லை. ஜொகூரும் பினாங்கும் தங்கள் மாநிலத்தில் திரளும் வரியில் கூடுதல் பங்கு கேட்டு வருகின்றன. சபாவுக்கோ அங்கிருந்து கிடைக்கும் நிகர வருமானத்தில் 40 விழுக்காடு என்ற உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது; அதைப் பல்லாண்டுகள் கணக்கில் கொள்ளாதது தவறு என்று 2025 அக்டோபரில் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் சொன்னது. தீபகற்ப மாநிலங்கள் எல்லாம் மொத்த வரியில் பங்கு கேட்கத் தொடங்கினால் நிறுவன வரியில் பெரும் குழப்பம் வரும். தலைமையகம் கோலாலம்பூரில், ஆலை கிள்ளானில், தோட்டம் பகாங்கில் என்றிருக்கும் நிறுவனத்தின் லாபம் எந்த மண்ணில் விளைந்தது என்று பிரிப்பது எளிதல்ல. மனிதர் விஷயத்தில் அந்தக் குழப்பம் இல்லை. அவர் எந்த ஊரில் படுத்து எழுகிறார், எந்த ஊரில் வேலை பார்க்கிறார் என்பது தெளிவாகத் தெரியும். தனிநபர் வருமான வரி நேரடி வரியின் ஒரு பகுதிதான். நிறுவன வரி அதைவிடப் பெரியது. பெரிய பங்கை முழுதாகவும் சிறிய பங்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையும் கூட்டரசு வைத்துக்கொண்டு, ஏழை மாநிலங்களைத் தாராளமாகத் தாங்கலாம். தவிரவும் இந்தப் பங்கு பெர்லிஸ்காரருக்கும் உண்டு. கங்காரில் குடியிருப்பவர் கட்டும் வரியிலும் கங்காருக்கு இதே கணக்கு.

எல்ஆர்டி, எம்ஆர்டி, வெள்ளத்தைத் திருப்பும் ஸ்மார்ட் சுரங்கம் எல்லாம் கூட்டரசு கொண்டுவந்தவைதானே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றும் கேட்கலாம். பெரிய திட்டங்களைக் கூட்டரசு செய்திருக்கிறது. செந்தூலுக்கு எல்ஆர்டி வந்தது, 2023இல் எம்ஆர்டியும் வந்தது. ஆனால் நிலையத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் கடைசி அரை கிலோமீட்டர் ஊராட்சி மன்றத்தின் கையில் இருக்கிறது. உடைந்த நடைபாதை, எரியாத விளக்கு, மழைக்கு நிரம்பும் வடிகால், சந்தையின் கழிப்பறை, பிள்ளைகள் விளையாடும் திடல். பயணி ரயிலை விட்டு இறங்கிய இடத்தில் கூட்டரசின் பணம் நின்றுவிடுகிறது. சுக்காய் பிந்துவின் பணம் அதற்குமேல் நெடுந்தூரம் போவதில்லை.

இதைவிடக் கனமான கேள்வியை நம் சமூகத்தினர் எழுப்ப வேண்டும். தொழிலாளர் குடும்பங்களில் பலருக்கு வருமான வரி விழும் அளவுக்குச் சம்பளமே இல்லை. வரி கட்டுகிறவர் எண்ணிக்கையை வைத்துப் பங்கு பிரித்தால் பங்சாரும் பெட்டாலிங் ஜெயாவும் கொழிக்கும். செந்தூல் அடுக்குமாடிகளும் பத்துமலையைச் சுற்றியுள்ள தாமான்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த எதிர்ப்பு முற்றிலும் சரியானது. யோசனையைத் திருத்த வைக்கும் எதிர்ப்பும்கூட. குடியிருப்புக்கான பங்கைக் கட்டிய வரியின் அளவால் பிரிக்கக் கூடாது. நாடெங்கும் அந்தப் பங்கை ஒரே தொகையாகத் திரட்டி, வசிக்கும் தலைகளின் எண்ணிக்கையால் பிரிக்க வேண்டும். வரி கட்டும் மேலாளரும் ஒரு தலை, அவர் அலுவலகத்தைக் கூட்டித் துப்புரவு செய்யும் அம்மாவும் ஒரு தலை. தெருவிளக்கு இருவருக்கும் ஒரே அளவில்தான் தேவைப்படுகிறது; சொல்லப்போனால் அதிகாலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பும் அந்த அம்மாவுக்கே அதிகம் தேவைப்படுகிறது. வேலையிடத்துக்கான பங்கையும் இப்படியே பதிவான ஊழியர்களின் எண்ணிக்கையால் பிரிக்கலாம். இப்படிச் செய்தால் கிளந்தானைப் பற்றிய கவலைக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

கணக்கிட முடியுமா என்ற ஐயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வரிப்படிவத்தில் வீட்டு முகவரி இருக்கிறது. முதலாளி ஆண்டுதோறும் தரும் ஊழியர் பட்டியல் வாரியத்தில் இருக்கிறது. வரி கட்டாதவர்களும் சேமநிதியிலும் சொக்சோவிலும் பதிவாகியிருக்கிறார்கள். இடத்தைப் பார்த்துப் பணத்தைப் பிரிப்பதும் கூட்டரசுக்குப் புதிதல்ல. வெளிநாட்டுப் பயணி ஹோட்டலில் ஓர் இரவுக்குக் கட்டும் 10 ரிங்கிட் சுற்றுலா வரியில் பாதியை மாநிலங்களுக்குத் தருவதாக 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள். ஓரிரவு தங்கிப் போகிறவரின் வரியில் ஊருக்குப் பாதி என்றால், முப்பது ஆண்டு அந்த ஊரில் வாழ்ந்து உழைக்கிறவரின் வரியில் ஊருக்கு நூற்றில் ஐந்து கேட்பது பேராசையாகாது.

கடைசி எதிர்ப்புத்தான் எனக்கே தயக்கம் தருவது. யாரும் தேர்ந்தெடுக்காத மன்றத்திடம் இன்னும் பணத்தைக் கொடுத்து என்ன பயன்? மேயரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. செலாயாங் மன்ற உறுப்பினர்களையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு காலத்தில் மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தோம். கோலாலம்பூரில் அந்த உரிமை 1960களின் தொடக்கத்திலேயே போனது. மற்ற ஊர்களில் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965இல் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. இடையில் நடந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஊர் ஊராக விசாரித்து 1968இல் அறிக்கையை முடித்தார். நிர்வாகத்தில் குறைகள் உண்டு, ஆனாலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரை. அரசு அதை ஏற்கவில்லை. வரி கட்டுகிறவனுக்கு வாக்கு வேண்டும் என்ற அந்தத் தமிழ் வழக்கறிஞரின் முடிவு அரை நூற்றாண்டுக்கு மேலாக அலமாரியில் இருக்கிறது.

ஆகவே பணமும் வாக்கும் சேர்ந்தே வர வேண்டும் என்பது என் முடிவு. தேர்தல் வரும்வரை பங்கு வேண்டாம் என்று காத்திருந்தால் இரண்டுமே வராது. பங்கு கொடுக்கும் சட்டத்திலேயே நிபந்தனை வைக்கலாம். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இந்தப் பணத்தை வடிகால், நடைபாதை, விளக்கு, திடல் ஆகியவற்றுக்கு மட்டுமே செலவிட வேண்டும். எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று சுக்காய் பிந்து பில்லின் பின்பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதற்குள் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரையாவது மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை வர வேண்டும், வராவிட்டால் பங்கு நின்றுவிடும். தன் சம்பளத்தின் ஒரு துளி தன் தெருவுக்கு வருகிறது என்று தெரிந்த மனிதர், அந்தத் தெருவைப் பற்றிக் கேள்வி கேட்பார். இன்று அவர் கேட்பதில்லை என்றால் அக்கறை இல்லாததால் அல்ல. தன் பணம் எங்கே போகிறது என்று காட்டும் ஒரு காகிதமும் அவர் கையில் இல்லை.

இந்தக் கோட்டின் இரு பக்கத்துக்கும் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். செந்தூல் அடங்கிய பத்து நாடாளுமன்றத் தொகுதியில் 2022இல் வென்றவர் பி.பிரபாகரன். பத்துமலை வட்டாரம் அடங்கிய சுங்கை துவா சட்டமன்றத் தொகுதியில் 2023இல் வென்றவர் சிலாங்கூர் மந்திரி புசார் அமிருடின் ஷாரி. கோம்பாக் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. இருவரும் ஒரே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் உங்கள் தாமானுக்கு வரும்போது, உங்கள் சம்பளச் சீட்டையும் சுக்காய் பிந்து பில்லையும் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது பணம் வரும் என்று கேளுங்கள்.